பிரேக் மிதிக்கும் கால்

நிறுத்தத்தில் பேருந்தை ஓரங்கட்டி, கைப்பிரேக்கை இழுத்து, சாவியைத் திருகி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பட்டாளத்தக்கா பின்னால் திரும்பினாள்.

"எல்லாரும் எறங்கிக்கங்க. இந்த வண்டி இதுக்கு மேல போகாது."

காலை நேரம். உள்ளே ஊசி போட்டால் விழ இடமில்லாத கூட்டம். ஒரே சமயத்தில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

"என்னம்மா, டீசல் தீந்துடுச்சா?" என்றார் முன்னால் நின்ற ஒருவர்.

"டீசல் நெறைய இருக்கு. காலுதான் இல்ல."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடத்துநர் முன்னால் வந்தான். பணிமனையில் அவனைச் சில்லறை என்பார்கள். யார் எந்த நோட்டை நீட்டினாலும் 'சில்லறையா குடுங்க' என்பதைத் தவிர அவன் வாயில் வேறு வார்த்தை வராது. அவன் குனிந்து அவள் காதோரம் சொன்னான்.

"அக்கா, மேம்பாலத்துல ஏறி எறங்கினா டிப்போ வந்துடும். மெதுவா உருட்டிட்டுப் போயிடலாமே."

"எறங்கறதுதான்டா பிரச்சினையே." அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இப்ப சிக்னல்ல பிரேக் மிதிச்சேன்ல? வலி பொறுக்காம கால் தானா மேல வந்துடுச்சு. முன்னாடி நின்ன ஸ்கூட்டருக்கும் நமக்கும் நடுவுல ஒரு கை அகலந்தான்டா இருந்துச்சு. அந்தப் பொண்ணு திரும்பிக்கூடப் பாக்கல."

சில்லறை சட்டென்று நிமிர்ந்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எறங்குங்க, எறங்குங்க, அடுத்த வண்டி பின்னாடியே வருது" என்று கத்தினான். பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை எந்த வண்டியும் இல்லை.

அவள் ஷூவைக் கழற்றினாள். நாடாவை முழுவதும் உருவிவிட்டுத்தான் காலையில் மாட்டியிருந்தாள். வலது பெருவிரலின் அடிக்கணு சிவந்து, பளபளவென்று, பக்கத்தில் கை கொண்டுபோனாலே சூடு தெரிகிற மாதிரி வீங்கியிருந்தது. விடியற்காலையில் விழிப்பு வந்ததே அதனால்தான். மேலே கிடந்த மெல்லிய போர்வை விரலில் உரசியதும் உயிர் போய் உயிர் வந்தது. இரவு படுக்கும்போது நல்ல கால். எங்கும் இடித்துக்கொள்ளவில்லை, மடங்கவில்லை. இருந்தாலும் வேலைக்கு வந்தாள். அவள் லீவு போட்டு யாரும் பார்த்ததில்லை. காலையில் பணிமனைக் கதவுக்குள் நுழையும்போதே ஒரு பட்டாளம் நுழைகிற சத்தத்தோடு நுழைவாள் என்பதால்தான் அவளுக்கு அந்தப் பெயர்.

அன்று சத்தமில்லாமல், சில்லறையின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நுழைந்தாள். அதற்குள் செய்தி அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. பாதி வழியில் ஆட்களை இறக்கிவிட்டாள் என்ற செய்திக்கு மதியத்துக்குள் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துவிட்டன. பெருவிரலில் வருகிற வீக்கம் குடிகாரர்களுக்கு வருவது என்று ஒருவர் சொன்னார். தின்று கொழுத்தவர்களுக்கு வருவது என்றார் இன்னொருவர். சாப்பாட்டு அறையில் அவள் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க? எந்தப் பிராந்திக் கடைன்னு பேசிக்கிட்டிருந்தீங்களா?" என்றாள் அவள். "தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க. இத்தனை வருஷமா நான் போகாத கடை அது ஒண்ணுதான்."

மேனேஜர் அவளைவிட வயதில் சிறியவர். மரியாதை தெரிந்தவர். மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு, கெட்ட செய்தியைக்கூட நல்ல செய்தி மாதிரி சொல்லப் பழகியவர்.

"வண்டிய நிறுத்தினது சரிதாம்மா. அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா இதுக்கு முன்னாடியும் இதே கால்னு ரெண்டு தடவை நொண்டுனீங்கன்னு சொல்றாங்க. இனிமே வராதுன்னு என்ன நிச்சயம்? நிம்மதியா தொலைஞ்ச பொருள் அறையில உக்காந்துக்கங்க. ஃபேன் இருக்கு. சம்பளம் அதேதான்."

தொலைந்த பொருள் அறை பணிமனையின் பின்பக்கம் இருந்தது. பேருந்தில் மறந்துவிட்டுப் போன குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள். கேட்டு வருகிறவர்கள் அபூர்வம்.

"சார், நான் இன்னும் தொலைஞ்சு போகல" என்றாள் பட்டாளத்தக்கா.

அவர் சிரிக்காமல் இருக்க முயன்றார். "சரி. கால் சரியாகட்டும். நானே பக்கத்துல உக்காந்து வரேன். உங்க ரூட்லயே ஒரு முழு நடை ஓட்டிக் காட்டுங்க. எனக்குத் திருப்தியா இருந்தா சீட் உங்களுக்கு. இல்லன்னா அந்த அறைதான். அதுக்கப்புறம் பேசக் கூடாது."

"பேச மாட்டேன். ஓட்டித்தான் காட்டுவேன்."

வீட்டில் அவள் கணவர் முன்னறையில் தையல் இயந்திரம் போட்டிருந்தார். அவர் வாய் எப்போதும் இரண்டு குண்டூசிகளைக் கவ்வியிருக்கும். அவற்றை எடுக்காமலேயே பேசுவார்.

"டிரைவரம்மா, இன்னைக்கு வண்டி நொண்டுதே."

"நீங்க ஒண்ணு, எரியற இடத்துல எண்ணெய ஊத்திக்கிட்டு."

அவர் ஊசிகளை எடுத்துவிட்டார். விளையாட்டு இல்லை என்று புரிந்துகொண்டால் மட்டும்தான் எடுப்பார்.

பக்கத்துத் தெரு டாக்டரிடம் அழைத்துப்போனார். அவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். யூரிக் ஆசிட் அளவு சரியாகத்தான் இருக்கிறது, ஆகவே இது சுளுக்கு என்று சொல்லி, விரலைச் சுற்றி இறுக்கமாக ஒரு கட்டுப் போட்டு அனுப்பினார். அந்தக் கட்டோடு வீடு வந்து சேர்வதற்குள் அவள் வாயிலிருந்து வந்த வசவுகளைக் கேட்டு, தெருவில் எதிரே வந்தவர்கள் தங்களைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து கட்டைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தாள்.

சுற்றியிருந்தவர்கள் அவள் சாப்பாட்டில் கைவைத்தார்கள். தக்காளி கூடாது என்றார் ஒருவர். கீரை கூடாது, பயறு கூடாது என்றார் அடுத்தவர். தங்கை போன் போட்டு முட்டையையும் தள்ளிவைத்தாள்.

"அப்ப என்னதான்டி திங்கறது? குண்டூசியா? வீட்ல அதுக்குப் பஞ்சமே இல்ல."

ஒரு வாரம் போல இருந்துவிட்டு வலி தானாகவே இறங்கத் தொடங்கியது. முந்தைய இரண்டு தடவையும் இப்படித்தான். இறங்கியதும் மறந்துவிடுவாள். இந்தத் தடவை மறக்க முடியவில்லை. ஸ்கூட்டரில் நின்ற அந்தப் பெண்ணின் முதுகு கண்ணிலேயே நின்றது. வீக்கம் முழுவதும் வடிவதற்கு முன்பே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், மூட்டு டாக்டர் அறை வாசலில் வரிசையில் உட்கார்ந்தாள்.

மூட்டு டாக்டர் குள்ளமான, வேகமாகப் பேசுகிற பெண். விரலைத் தொடாமல், முதலில் வெறும் கண்ணால் பார்த்தாள்.

"ராத்திரி நல்லா இருந்து, காலைல எழுந்ததும் இப்படியா?"

"ஆமா. ஆனா யூரிக் ஆசிட் இல்லன்னு ரத்தத்துல வந்துடுச்சு."

"வலி உச்சத்துல இருக்கும்போது சில பேருக்கு ரத்தத்துல அளவு கொறஞ்சு காட்டும்மா. அதை வச்சு இல்லன்னு சொல்ல முடியாது. வீக்கத்துக்குள்ள இருக்கற நீரைக் கொஞ்சம் எடுத்துப் பாத்துடலாம். கிருமி இல்லன்னும் உறுதியாயிடும்."

ஊசி உள்ளே போனபோது பட்டாளத்தக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு, தன் தடத்தின் நிறுத்தங்களின் பெயரை வரிசையாகச் சொன்னாள். கடைசி நிறுத்தம் வருவதற்குள் ஊசி வெளியே வந்துவிட்டது. நுண்ணோக்கியில் தெரிந்ததைப் பிறகு ஒரு திரையில் காட்டினாள் டாக்டர். இருட்டில் பளிச்சென்று மின்னுகிற ஊசிகள். இரண்டு பக்கமும் கூர்.

"இது எல்லாம் என் விரலுக்குள்ளயா?"

"உங்க விரலுக்குள்ளதான். இதுக்கு கௌட்னு பேரு. ரத்தத்துல யூரிக் ஆசிட்ங்கற கழிவு அதிகமாகி, கரைய இடமில்லாம மூட்டுல இப்படி ஊசியா படிஞ்சுடும். உடம்பு அதை எதிரின்னு நெனச்சு சண்டைக்குப் போகுது. அந்தச் சண்டைதான் வீக்கம், சூடு, வலி எல்லாம்."

"எங்க வீட்டுக்காரர் தையல்காரர். அவர்கிட்டகூட இவ்வளவு மெல்லிசா ஊசி கிடையாது."

டாக்டர் சிரித்துவிட்டுக் கேள்விகளைத் தொடங்கினாள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இப்படி வந்ததுண்டா? அப்பாவுக்கு முழங்கால் வீங்கும். மாதவிடாய் நின்று எவ்வளவு காலம்? சில வருஷம். குடிப்பழக்கம் உண்டா?

அதைக் கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது. சாப்பாட்டு அறை ஞாபகம் வந்துவிட்டது.

"பச்சத் தண்ணியே குடிக்கறது கிடையாது டாக்டர். நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். "ஏன் குடிக்கறதில்ல?"

"எதை?"

"தண்ணிய. ஏன் குடிக்கறதில்ல?"

இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளும் யாரிடமும் சொன்னதில்லை. பேருந்து தடத்தின் கடைசி நிறுத்தம் ஒரு மண் மைதானம். ஒரு பக்கம் நீளமான சுவர். ஆண் ஓட்டுநர்களுக்கு அந்தச் சுவர் போதும். அவளுக்கு? மைதானத்தில் ஒரு கழிப்பறை கிடையாது; வெளியே தேடிப் போய் வர, வண்டி அங்கே நிற்கிற நேரம் போதாது. ஆகவே காலையில் ஒரு வாய் காபியோடு ஏறுவாள். அதற்குப் பிறகு ஷிப்ட் முடிந்து பணிமனைக்கு வரும்வரை நாக்கை மட்டும் நனைத்துக்கொள்வாள். மற்ற இரண்டு பெண் ஓட்டுநர்களுக்கும் அவளே சொல்லிக்கொடுத்த வித்தை இது. பிரஷருக்குக் கொடுத்திருந்த மாத்திரை சிறுநீரை அடிக்கடி போகவைக்கிற ரகம். அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு, தண்ணீரை இன்னும் குறைத்தாள்.

சொல்லி முடித்தபோது அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"நல்லா கேட்டுக்கங்க" என்றாள் டாக்டர். "தண்ணி குடிக்காததால மட்டும் இது வரல. யூரிக் ஆசிட்டை வெளிய தள்ளறது கிட்னி. உங்க குடும்பத்துல அது கொஞ்சம் மெதுவா தள்ளற கிட்னியா இருக்கலாம். மாதவிடாய் இருந்த வரைக்கும் ஹார்மோன் உங்களைக் காப்பாத்துச்சு. நின்னதும் அந்தக் காவல் போச்சு. அதுக்கு மேல அந்த பிரஷர் மாத்திரை. அதுக்கும் மேல தண்ணி இல்லாம உடம்பைக் காயப்போட்டீங்க. எல்லாம் சேந்துக்கிச்சு. குடிக்கறவங்களுக்கும் வரும், இறைச்சி அதிகமா திங்கறவங்களுக்கும் வரும். ஆனா அவங்களுக்கு மட்டும் வர்ற வியாதி இல்ல இது. தக்காளியைத் திட்டாதீங்க."

வைத்தியம் இரண்டு பாகம் என்று விளக்கினாள். இப்போதைய வலிக்கு ஒரு மாத்திரை, சில நாள். பிரஷர் மாத்திரையை வேறு ரகத்துக்கு மாற்றித் தந்தாள். அதற்குப் பிறகு யூரிக் ஆசிட்டையே குறைக்கிற அலோப்யூரினால் என்ற மாத்திரை. சின்ன அளவில் தொடங்கி, ரத்தம் பார்த்துப் பார்த்துக் கூட்ட வேண்டும். ரத்தத்தில் அளவு ஆறுக்குக் கீழே இறங்கி, அங்கேயே நிற்க வேண்டும். அப்போதுதான் பழைய ஊசிகள் மெல்லக் கரையும்.

"கரையும்போது நடுவுல ஒரு தடவை வலி திரும்ப வரலாம். பயந்துடாதீங்க. அதைத் தடுக்கத்தான் இந்த இன்னொரு சின்ன மாத்திரை. கொஞ்ச மாசத்துக்கு ரெண்டையும் சேத்து எடுங்க. உங்க கிட்னி நல்லா இருக்கு, தண்ணி தாராளமா குடிக்கலாம். சரியா?"

"சரி" என்றாள் பட்டாளத்தக்கா. மனம் மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் கடைசி நாலைந்து வாக்கியம் காதில் ஏறவே இல்லை.

கால் சரியாகும்வரை என்று மேனேஜர் அனுப்பிய தொலைந்த பொருள் அறையில், குடைகளுக்கு நடுவே உட்கார்ந்தபடி பெரிய மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டாள். சின்ன மாத்திரையைத் தொடவில்லை. வலியே இல்லாதபோது வலிக்கு எதற்கு மாத்திரை? ஒரு காலையில் வலி திரும்ப வந்தது, அதே விரலில், அதே சூட்டோடு. அவள் மாத்திரைப் பெட்டியைக் குப்பைக் கூடையில் வீசினாள்.

"வலிய கொறைக்க மாத்திரை கேட்டா, வலி வர மாத்திரை குடுத்திருக்கா! எனக்கு எந்த மருந்தும் வேணாம். இந்த விரலை வெட்டிப் போட்டாலும் மத்த நாலு விரலால பிரேக் மிதிப்பேன்."

கணவர் ஊசிகளை வாயிலிருந்து எடுத்தார். குப்பைக் கூடையிலிருந்து பெட்டியையும் எடுத்துத் துடைத்தார்.

"யாரு சொல்லியும் கேக்காத பொம்பளைன்னுதான் உன்னை எல்லாருக்கும் தெரியும். எனக்கும் அது பிடிக்கும். ஆனா இந்த ஊசிக்கு உன் வாய் சத்தம் கேக்காது. நீ கோவப்பட்டா அது சந்தோஷமா உள்ளயே உக்காந்துக்கும்."

அவர் டாக்டருக்கு போன் போட்டு அவள் காதில் வைத்தார். அந்தப் பக்கம் டாக்டர் அதே வேகத்தில் கேட்ட முதல் கேள்வி, "சின்ன மாத்திரை எடுக்கறீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"வலி இல்லாதப்ப எதுக்குன்னு..."

"வண்டி மோதினப்புறம்தான் பிரேக் பிடிப்பீங்களா?"

அது நேராகப் போய் வேண்டிய இடத்தில் குத்தியது. முன்பு வலிக்காகத் தந்த மருந்தைச் சில நாள் எடுத்துக்கொள்ள வேண்டும், பெரிய மாத்திரையை நடுவில் நிறுத்தவே கூடாது, சின்னதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் மறுபடி சொன்னாள். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் காதில் ஏறியது. அதற்குப் பிறகு அவளுடைய பிடிவாதம் மொத்தமும் மாத்திரையைத் தவறவிடாமல் இருப்பதில் போய் உட்கார்ந்தது. ரத்தம் பார்க்கப் போகும் நாளெல்லாம் பரீட்சை முடிவு வாங்கப் போகிற மாதிரி கிளம்பினாள். ஒன்பது, எட்டு, ஏழரை என்று அளவு மெதுவாக இறங்கி ஒரு நாள் ஆறுக்குக் கீழே போனது. அங்கேயே நின்றது. விரலும் மறுபடி வாய் திறக்கவில்லை.

டாக்டர் வண்டி ஓட்டலாம் என்றாள். மேனேஜர் நாள் குறித்தார்.

அன்று காலை அவள் பெரிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பிப் பையில் வைப்பதைக் கணவர் பார்த்தார்.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் கொறைச்சுக்கயேன். கடைசி ஸ்டாப்புல அந்த ஆளை உக்கார வச்சுட்டு நீ எறங்கிப் போனா என்ன நெனப்பாரு? சீட் கைக்கு வரட்டும், அப்புறம் உன் இஷ்டம்."

அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள்தானே. பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். இத்தனை வருஷமும் ஒவ்வொரு நாளும் 'இன்னைக்கு ஒரு நாள்' தானே? அப்படி வாங்குகிற சீட்டை அப்படியேதான் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த மற்ற இரண்டு பெண்களும் நினைவுக்கு வந்தார்கள். பாட்டிலின் மூடியைத் திருகி, அங்கேயே நின்று பாதியைக் குடித்தாள். குறைந்ததை மறுபடி நிரப்பிக்கொண்டு கிளம்பினாள்.

மேனேஜர் முன் இருக்கையில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்துகொண்டார். சில்லறை அன்று யாரிடமும் சில்லறை கேட்கவில்லை. பயம். மேம்பாலத்தின் இறக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் இடது பக்கமிருந்து வெடுக்கென்று குறுக்கே புகுந்தது. அவள் வலது கால் யோசிக்கவில்லை. பெடல் ஒரே அழுத்தாக உள்ளே போனது, போன இடத்தில் நின்றது. வண்டி சாய்ந்து நிமிர்ந்தது. யாரும் விழவில்லை. மேனேஜர் கம்பியைப் பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்தார்.

கடைசி நிறுத்தம் வந்தது. அவள் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினாள்.

"எங்கம்மா போறீங்க?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் பங்க் இருக்கு சார். அங்க கல்லாவுல இருக்கற பொண்ணு கழிப்பறைச் சாவி தரும். பேசி வச்சிருக்கேன்."

"கெளம்பற நேரம் ஆச்சே."

"ஆச்சு" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தாள்.

மேனேஜர் காத்திருந்தார். வெயில் கண்ணாடி வழியாக மடியில் விழுந்தது. ஏறியிருந்த பயணிகள் அவரையே பார்த்தார்கள். அவள் அவசரமில்லாமல், இரண்டு கால்களையும் சமமாக ஊன்றி நடந்து வந்தாள்.

"எல்லாரும் எப்படியோ சமாளிக்கறாங்கம்மா. நீங்களும் இவ்வளவு நாள் சமாளிச்சீங்க."

"சமாளிச்சு விரல்ல ஊசி வளத்ததுதான் மிச்சம். இனிமே முடியாது சார். ஒவ்வொரு நடையும் இங்க எறங்குவேன். நாளைக்கும் எறங்குவேன். இதுக்காக சீட் தர மாட்டீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. அந்தக் குடைங்களுக்கு நடுவுல உக்காந்தே கத்தறேன். என் சத்தம் உங்களுக்குத் தெரியும்."

"நடை நேரம் தவறுது. மேல கேப்பாங்க."

"தவறட்டும். பிரேக் தவறுச்சா?"

"இல்ல" என்றார் மேனேஜர்.

"கேட்டா அதைச் சொல்லுங்க."

அவள் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். மேனேஜர் உட்காரவில்லை. சுவர்ப்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ஜன்னலில் வரிசையாக இருந்த முகங்களையும் பார்த்தார். தன் மடிப்புக் கலையாத சட்டையையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"அந்தச் சாவி..." என்றார் மெதுவாக. "ஆம்பளைங்களுக்கும் தருமா அந்தப் பொண்ணு?"

சில்லறை வேறு பக்கம் திரும்பி இருமினான். அவள் மட்டும் சிரிக்காமல், "நான் சொன்னேன்னு சொல்லுங்க சார், தரும்" என்றாள்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. "காலைல மொத ஷிப்ட் எடுத்துக்கங்க" என்றார். "இங்க நிக்கற நேரத்தைக் கூட்டச் சொல்லி மேல பேசிப் பாக்கறேன். நடக்கும்னு வாக்கு குடுக்க முடியாது."

"அவங்க கூட்டினாலும் சரி, கூட்டாட்டியும் சரி. நான் எறங்கத்தான் போறேன். மத்த ரெண்டு பேருகிட்டயும் இன்னைக்கே சொல்லிடுவேன்."

சாவியைத் திருகினாள். வண்டி உறுமியது. "டேய், விசிலை ஊது" என்று பின்பக்கம் கத்திய கத்தலில், ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டு எழுந்து தன் ஸ்டாப் வந்துவிட்டதா என்று கேட்டார்.